சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே பஸ்

பிள்ளைகளே, கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு தேயிலை ஃபெக்டரிக்கு வேலைக்குப் போனவன். ஆனாலும் என் மகள் விஷயத்தில் நான் செய்த ஒரு பிழையால் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை மகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிசம்பர் லீவுக்கு முன்னால் ஹட்டனில் வாங்கி வந்தேன். பெட்டிக்குள் ஒரு டிஸ்க்கும், நீளமான ஒரு நம்பர் அடித்த துண்டும் இருந்தன. அவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை முடிய இன்னும் மூன்று நாள். அதுவரை பெட்டி ஏன் சும்மா கிடக்க வேண்டும் என்று, ஒரே சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக் காம்பிராவில் இருக்கும் அவளுடைய சிநேகிதியிடம் கொடுத்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் அப்படித்தான். ஏணி ஒன்று, ஆட்டுக்கல் ஒன்று. யார் வாங்கியது என்று பார்க்க மாட்டோம், வேண்டியவர்கள் எடுப்பார்கள்.

"வெள்ளிக்கெழம குடுத்துரு பாப்பா."

"சரிங்க மாமா!"

வெள்ளிக்கிழமை டிஸ்க் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. மகள் சீருடையையும் மாற்றாமல் அதைப் போட்டு, என் போனிலிருந்து இன்டர்நெட் எடுத்து, நம்பரை அடித்தாள். அந்த நம்பர் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகிவிட்டது என்று திரையில் வந்தது. மூன்று தரம் அடித்தாள். மூன்று தரமும் அதேதான்.

"அப்பா, யாருக்குக் குடுத்தீங்க?"

சொன்னேன். அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"டிஸ்க்ல ஒண்ணுமில்லண்ணே," என்றான் கடைக்காரத் தம்பி. "டிஸ்க் ஒங்களோடது, பூட்டு கம்பெனியோடது. மொதல்ல நம்பர அடிச்சவங்களுக்குத்தான் தொறக்கும்."

"காசு குடுத்தது நாந்தானே?"

"அது எனக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியாதே!"

களவாகப் பிரதி எடுத்து விற்பவர்களைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டாம். அது நியாயம்தான். ஆனால் களவெடுப்பவனையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பவனையும் அந்தப் பூட்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

விஷயம் தெரிந்ததும் சிநேகிதி அழுதுகொண்டே வந்தாள். தன் பாஸ்வேர்டைக் கொப்பித் தாளில் எழுதி மகளிடம் கொடுத்தாள். விளையாட்டு திறந்தது. ஆனால் ஒருத்தி உள்ளே போனால் மற்றவளை அது வெளியே தள்ளிவிடும். அதனால் இரண்டு பேரும் நடுச்சுவரைத் தட்டித் தட்டி முறை வைத்துக்கொண்டார்கள்.

"நான் எறங்கிட்டேன், நீ ஏறு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கடைசி வளைவில் பஸ்ஸைத் திருப்பும்போது திரை நின்றுபோனது.

"ஏன்டி ஏறுன?"

"தட்டுனேன், ஒனக்குத்தான் காது கேக்கல!"

"ஒன்னோட பேருல இருக்குன்னு திமிருடி ஒனக்கு!"

அதோடு சரி. இரண்டு நாள் சுவரில் ஒரு தட்டும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு பாதையில் கடைக்குப் போனார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கைகோத்து நடந்த பிள்ளைகள். ஒரு விளையாட்டை வாங்கி வந்து இவர்களைப் பிரித்துவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது எங்கள் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. மகளைக் காணவில்லை. பக்கத்துக் காம்பிராவில் ஒரே சத்தம்.

"நோர்வூட், பொகவந்தலாவ! உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு!"

வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். சிநேகிதி பஸ் ஓட்டினாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு என் மகள் கண்டக்டர். யார் முதலில் மன்னிப்புக் கேட்டது என்று இரண்டு பேரும் இன்றுவரை சொல்லவில்லை.

"அப்பா, புட்போட்ல நிக்காதீங்க," என்றாள் மகள்.

நான் வாசற்படியை விட்டு உள்ளே போய், கட்டிலில் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.