கிணற்றில் விட்ட விரால்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் பாலத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடந்த எங்கள் சந்துக்கு ஒரே ஓர் உறைகிணறு. அதன் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை நாங்கள் ஒரு மீனிடம் ஒப்படைத்திருந்தோம். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்லது. அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். லாரித் தண்ணீர் வராத நாட்களில் அந்த மீனை நம்பித்தான் குடித்தோம்.

மீன் வாங்கி விடுவது நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் அப்பா. மீன்பாடி வண்டி மிதிப்பவர். சுமை இறக்கப் போகிற இடத்திலெல்லாம் எங்கள் கிணற்றுப் பெருமையைப் பேசாமல் வரமாட்டார்.

அந்த வருஷ மழையில் கால்வாய் பொங்கிச் சந்துக்குள் வந்தது. பொதுக் கழிப்பறைத் தொட்டியும் நிரம்பி வழிந்தது. அதற்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வெள்ளம் வடிந்ததும் சுகாதார ஊழியர் ஒருவர் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை, அப்பா விட்டிருந்த கெண்டை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

சந்தே கொதித்தது. "மீனையே சாவடிச்சிட்சி, நம்ம கொயந்தைங்கள வுட்டு வெக்குமா?" என்று கத்தினார் மாமா, அம்மாவின் தம்பி. ஆண்கள் எல்லோரும் சேர்ந்து மருந்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கால்வாயில் கொட்டினார்கள். டீயும் பன்னும் வந்தன. எனக்கு அது ஒரு திருவிழா. சாயங்காலத்துக்குள் புது ஊற்று சுரந்தது, மருந்து வாடையும் போய்விட்டது.

"இந்த வாட்டி விரால் வுடு மாமா. அது அவ்ளோ சீக்கிரம் சாவாது" என்று அவரே அப்பாவுக்கு யோசனையும் சொன்னார். விரால் சேற்றில் புதைந்தும் பிழைத்துக் கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அதைக் கொண்டுவந்து விட்டோம்.

விரால் ஜம்மென்று இருந்தது. அவ்வப்போது மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தம்பிக்குச் சொல்வேன். அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த அவன், "மீனு, மீனு" என்று என் இடுப்பிலிருந்தபடி எட்டி எட்டிப் பார்ப்பான்.

அந்த வாரமே அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. உப்பும் சர்க்கரையும் கலந்து அம்மா ஓயாமல் ஊட்டினாள். கலந்தது கிணற்றுத் தண்ணீரில். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே அவன் தலை தொங்கிவிட்டது. துணியில் சுற்றித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

துக்கத்துக்குக் கோடம்பாக்கத்திலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "மழையில குச்சி ஐஸ் வாங்கிக் குட்த்தியாமே, நீயெல்லாம் இன்னா பொம்பள?" அம்மா ஒரு நாள் ஐஸ் வாங்கிக் கொடுத்தது உண்மைதான். கிணற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விரால்தான் நீந்திக்கொண்டிருந்ததே.

சில நாள் கழித்து, ஏற்கெனவே சோதனைக்கென்று சீசாவில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துப் போயிருந்த நர்சம்மா திரும்பி வந்தார். அப்பாவை ஓரமாக அழைத்து, கிணற்றில் கழிவுநீர் கலந்திருக்கிறது, பவுடர் போட்ட தண்ணீரை ஏன் இறைத்துக் கொட்டினீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் காதிலும் அது விழுந்தது, மண்டையில்தான் ஏறவில்லை.

"விராலு உசுரோடதான கீது நைனா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அன்று மாலை அத்தை மறுபடியும் ஐஸ் பேச்சை எடுத்தாள். அம்மா வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சட்டென்று எழுந்தார். "அவள ஒண்ணியும் சொல்லாதக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்பா அம்மாவை மன்னித்துவிட்டார் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு நிம்மதி.