வட்டு இல்லாத பதினான்கு

வானாய்வு நிலையத்தின் அளவைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவளை எல்லோரும் வட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் அகப்பட்டாலும் பிடித்துவைத்து வட்டைப் பற்றியே பேசுவாள்.

இளம் நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியுமாக ஒரு வட்டு இருக்கும். சுருங்கச் சுருங்க நட்சத்திரம் வேகமெடுக்க வேண்டும். ஆனால் அதன் காந்தம் வட்டோடு பிணைந்திருக்கும்வரை வட்டு அதை இழுத்துப் பிடிக்கும். வட்டு கலைந்ததோ, தலைகால் தெரியாமல் சுற்றத் தொடங்கிவிடும். முந்நூறு நட்சத்திரங்களின் ஒளி ஏறி இறங்குவதைக் கண் பூத்துப்போக அளந்து, அந்த வித்தியாசத்தைப் பட்டியல் போட்டுக் காட்டியவள் வட்டக்காதான்.

அதை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை நிலைய இயக்குநர் பெயரில் வந்தது. கடைசி வரியில், 'உதவிய அலுவலகப் பெண்ணுக்கு நன்றி.' பெயர்கூட இல்லை. வீட்டுக்கு வந்து அந்த வரியைக் கணவரிடம் காட்டினாள்.

"விட்டுத் தள்ளு. அந்த ஆளு அப்படித்தான்," என்றார் அவர்.

"சாப்பிட்ட தட்டையே எடுத்து வைக்காதவரு நீங்க. உங்களுக்கு எங்க புரியப்போகுது?"



மூன்று வருடம் காத்திருந்தாள். இரண்டாவது பட்டியலில் வட்டு இல்லாத பதினான்கு நட்சத்திரங்கள் ஒன்பது நாளுக்கு ஒரு முறை சுற்றுவதாகத் தெரிந்தன. பொய். ஒரு நாள் முடியும் முன்பே ஒரு சுற்றை முடிப்பவை அவை. தினமும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தால், இடையில் ஒரு சுற்றை ஓடி முடித்தவனும் ஊர்கிறவனாகத்தான் தெரிவான். வழக்கமாக இப்படிப்பட்ட பொய் எண்களைச் சிவப்பு மையில் அடித்துவிடுவாள். இந்த முறை கைவைக்கவில்லை. நல்லதுக்கு அவள் பேச்சை எடுக்காத இயக்குநர், தப்பு என்று வந்தால் முதலில் அவளைத்தான் கைகாட்டுவார். பத்தொன்பது வருடத்தில் அவள் அளந்து வைத்திருந்தது நட்சத்திரங்களை மட்டும் அல்ல.

அவரோ துள்ளிக் குதித்தார். வட்டே இல்லாமல் மெல்லச் சுற்றுகிற பதினான்கு! அரங்கத்தைக் கூட்டி அறிவித்தே விட்டார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் அம்மாள் எழுந்தார். "தினம் ஒரே நேரத்துல ஒரு தடவைதானே பாத்தீங்க? வேகமா சுத்துறதுகூட இப்படி மெதுவாத் தெரியுமே?"

 இயக்குநர் பின்வரிசையில் இருந்த வட்டக்காவைக் காட்டினார். "பட்டியல் நான் போட்டது இல்லைங்க. ஆரம்பத்துல இருந்து எல்லாப் பட்டியலும் அந்தம்மா போடுறதுதான். நான் வாங்கி எழுதுறதோட சரி."

வட்டக்கா எழுந்தாள். 

"ஆமாங்க. பதினாலும் தப்பு. தெரிஞ்சேதான் அடிக்காம விட்டேன். வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை."

 ஆய்வாளர் அம்மாள் புருவம் சுருக்கினார். "அப்போ மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்துச்சே, அந்த முதல் பட்டியல்? அது சார் பேருலதானே வந்துச்சு?"

 வட்டக்கா மேடையைப் பார்த்துத் திரும்பினாள்.

"சொல்லுங்க சார். அதை யாரு போட்டா?"