யாரும் சாகாத படம்

என் தம்பியோடு உட்கார்ந்து ஒரு படத்தை நிம்மதியாகப் பார்த்துவிட முடியாது. சினிமாக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இந்தத் தொல்லைதான். நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். வலியோடு வருகிறவர்களிடம் பகல் முழுக்கச் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிப் படத்தை நிறுத்திப் பாடம் எடுப்பான்.

பெரிய கம்பெனிப் படங்களைத்தான் திட்டுவான் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றை அவன் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அவன் கோபமெல்லாம் கையில் இருப்பதை வைத்துச் சின்னதாக எடுக்கிற சுயாதீனப் படங்களின் மேல்தான். உரிமை உள்ள இடத்தில்தானே கோபம் வரும். பணமில்லாமல் எடுத்த ஒரே காரணத்தால் அது நல்ல படம் ஆகிவிடாது என்பான். ஜன்னலையே காட்டிக்கொண்டிருந்தால் அது ஆழம் இல்லை, இயக்குநர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று அர்த்தம் என்பான்.

அதிலும் ஆணும் ஆணும் காதலிக்கிற படம் என்றால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருவன் செத்துப்போவான், இல்லை கல்யாணம் செய்துகொள்வான், இரண்டும் இல்லையென்றால் இருவரும் மழையில் நின்று பிரிவார்கள். அந்தப் படங்களில் யாரும் பாத்திரம் கழுவுவதில்லை, கேஸ் தீர்ந்துபோனதற்குச் சண்டை போடுவதில்லை என்று புலம்புவான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

ஊரே கொண்டாடிய அப்படி ஒரு படம் முடிந்தபோது நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாவம் என்றேன். வெடுக்கென்று திரும்பினான்.

"நீங்கல்லாம் பாவம்னு சொல்லணுங்கறதுக்காகவே எங்கள சாகடிக்கிறாங்கக்கா."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்துப்போய் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்துபோய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணி இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். பிறகு, ஆள் யார் என்று கேட்டேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற பையன். எனக்கே கண்ணாடி செய்து கொடுத்தவன் அவன்தான். காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டவன். இவனை என் கண்ணெதிரிலேயே பிடித்திருக்கிறான் என் தம்பி, எனக்குத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் பெயர் கண்ணாடி. வருவான், அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான், தம்பியின் சினிமாப் பேச்சை என்னைவிடப் பொறுமையாகக் கேட்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

படிப்பு முடிய ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். யாரும் சாகாத படம் ஒன்றை எடுத்தே தீருவேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். இரண்டு பேர் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறார்கள். பெட்டிகளைப் பிரிக்கிறார்கள், கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று சண்டை போடுகிறார்கள், சாயங்காலம் ஜன்னலுக்குத் திரை மாட்டுகிறார்கள். அவ்வளவுதான் கதை. நடிப்பது அவனும் கண்ணாடியும். வீடு என்னுடையது. கேமராவை வைத்துச் சரி பார்ப்பது அவன், பட்டனை அமுக்குவது நான். அவன் 'கட்' சொல்லாமல் நிறுத்தக் கூடாது, நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. எனக்குக் கிடைத்த சினிமாப் பயிற்சி அவ்வளவுதான்.

கல்லூரிக் கேமரா ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிடைக்கும். ஒரே நாளில் நடக்கிற கதையைப் பல ஞாயிறுகளில் எடுப்பதால் சட்டை, மேசைமேல் டம்ளர், கண்ணாடியின் தாடி எல்லாம் போன வாரம் விட்ட மாதிரியே இருக்க வேண்டும். அதற்குக் கன்டினியூட்டி என்று பெயராம். கண்ணாடியும் போனில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தாடியை அளவாகக் கத்தரித்துக்கொண்டு வருவான்.

திரை மாட்டுகிற காட்சி மட்டும் பாக்கி. அந்த ஞாயிறு அவன் தாடியை மழுங்க மழித்துவிட்டு வந்து வாசலில் நின்றான். பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்ததால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி சிரிக்கவில்லை. கன்டினியூட்டி போயிற்றே என்று கத்தவும் இல்லை. ஏன் என்று மட்டும் கேட்டான்.

"போட்டோ எடுக்கணும்னாங்க."

என்ன போட்டோ என்று மரமண்டை மாதிரி நான்தான் கேட்டேன். பெண் வீட்டுக்கு அனுப்ப. பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, இவனும் சரி சொல்லியாகிவிட்டது. இவனுக்கு ஆனால்தான் இவன் தங்கைக்குப் பேச முடியுமாம். தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கோழை என்றேன், இன்னும் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். தம்பிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"தாடி வளந்துரும்டா," என்றான் கண்ணாடி. "கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு. படத்த முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

விட்டுவிட்டுப் போகிறவன் திட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இப்படிப் பொறுப்பாகப் பேசினால் எப்படித்தான் வெறுப்பது? அவன் போன பிறகு தம்பியிடம், கதையை மாற்று, படத்திலும் அவனுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பிவிடு, நடந்ததைத்தானே எடுக்கிறாய் என்றேன்.

"அந்தப் படத்த எல்லாரும் எடுத்துட்டாங்கக்கா."

தாடி வளரும்வரை சில வாரங்கள் காத்திருந்தோம். எந்தப் படம் போட்டாலும் தம்பி நிறுத்தவில்லை. இது ஒரு படமா என்று கேட்கவில்லை. படத்தைக் கொஞ்சம் திட்டுடா என்று நானே கெஞ்சிப் பார்த்தேன். திரையைப் பார்த்தபடி, நல்லாத்தான் இருக்குக்கா என்றான்.

கண்ணாடி சொன்னபடியே வந்தான். தாடி கொஞ்சம் கூடுதலாக வளர்ந்திருந்தது. தம்பி அவனை நாற்காலியில் உட்காரவைத்து, போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னக் கத்தரிக்கோலால் தானே வெட்டிச் சரிசெய்தான். காதோரம், மோவாய், உதட்டுக்குக் கீழே என்று தொட்டுத் தொட்டு வெட்டினான். பார்க்க முடியாமல் நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

பட்டனை அமுக்கினேன். ஸ்டூல்மேல் கண்ணாடி, கீழே தம்பி. திரைக் கம்பி கைநழுவித் தம்பியின் தலையில் விழுந்தது. அது கதையில் இல்லாதது. கண்ணாடி பதறி இறங்கி அவன் தலையைத் தேய்த்துவிட்டான், அப்புறம் இருவரும் சிரிக்க ஆரம்பித்துத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எழுந்து மறுபடியும் கம்பியை மாட்டினார்கள். திரை தொங்கியது. தோளோடு தோள் ஒட்டி நின்று அதைப் பார்த்தார்கள்.

காட்சி அவ்வளவுதான். 'கட்' சொல்ல வேண்டியவன் தம்பி. அவன் சொல்லவில்லை. என் விரல் பட்டன்மேலேயே இருந்தது. கண்ணாடி தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டான். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அப்போதும் அவன் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.

"போதும்டா," என்றான் கண்ணாடி, மெதுவாக.

நான்தான் அமுக்கினேன். கண்ணாடி படத்துச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, போயிட்டு வரேன்க்கா என்று என்னிடம் சொன்னான். எனக்கு அவன்மேல் கோபம்கூட மிச்சமில்லை. பார்த்துப் போப்பா என்றேன்.

கல்லூரி அரங்கில் படங்களைப் போட்டார்கள். தம்பி அந்தக் கடைசிக் காட்சியை வெட்டாமல், 'போதும்டா' என்ற சொல்லுக்குச் சற்று முன்பு வரை அப்படியே வைத்திருந்தான். முடிந்ததும் அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பு ஆசிரியர் வெளிச்சத்தைப் பாராட்டினார், நடிப்பைப் பாராட்டினார்.

"முடிவுதான்பா இடிக்குது. இவ்வளவு சந்தோஷமா முடிச்சா நம்பவே முடியல. நிஜத்துல இப்படியா நடக்குது?"

அரங்கத்தில் நாலைந்து தலைகள் ஆடின. எழுந்துபோய் அவர் மைக்கைப் பிடுங்கலாமா என்று இருந்தது எனக்கு. ஊரார் படத்துக்கெல்லாம் மணிக்கணக்கில் வாதாடுகிறவன், தன் படத்துக்கு மைக்கில் சொன்னது ஒரே வரிதான்.

"நடந்துச்சு சார்," என்றான். "கேமரா ஓடின வரைக்கும்."

ஆசிரியர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அரங்கமும் சிரித்துக் கைதட்டியது. தம்பியும் சிரித்தபடியே இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுத்த படத்துக்கு விளக்கை அணைத்தார்கள். இருட்டு வந்த பிறகுதான் அவன் அழ ஆரம்பித்தான், மறுபடி விளக்குப் போடும்வரை அழுதான்.