பம்பரத்தின் இடது கை

என் கொழுந்தன் சாப்பிட உட்கார்ந்தால் வலது கை தட்டில் இருக்கும், இடது கை மேஜைக்கு அடியில் இருக்கும். அந்த இடது கையில் எப்போதும் ஒரு கிரிக்கெட் பந்து. ஆள்காட்டி விரல் பந்தின் தையல்மேல் ஏறி இறங்கும்; பந்து ஒரு சுற்றுச் சுற்றி உள்ளங்கைக்கே வந்து சேரும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் நாளே அதைப் பார்த்தேன். அப்போது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை.

"தட்டுல ஒரு கண்ணு வைடா. அந்தப் பந்தைத்தான் கட்டிக்கப் போறியா?" என்று மாமியார் திட்டுவார்.

"கட்டிக்கிட்டா நல்லதுதாம்மா. எதிர்த்துப் பேசாது பாரு," என்பான்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறக்கக் கூச்சம். அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. "ஸ்கூலுக்குப் போனியா?" என்று என் வீட்டுக்காரர் தம்பியைக் கேட்பார். "போனேன்," என்பான். நிஜமாகப் போயிருந்தால் பந்து பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். போகவில்லை என்றால், அந்த ஒரு சொல் வாயிலிருந்து வரும் நேரத்துக்கு மட்டும் பந்து நிற்கும். பிறகு மறுபடி சுற்றும். இது அவனுக்கே தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு ஓர் அச்சகத்துக்கு மேலே இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு அந்த அச்சகத்திலேயே காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். மேஜைமேல் வைத்த பந்து தானாக உருண்டு விழும். நான் ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு கடைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பேன். தம்பியின் வெள்ளைக் கால்சட்டைகளைத் தைப்பதும் நான்தான், துவைப்பதும் நான்தான்.

அவன் பந்து தரையில் விழுந்ததும் சாட்டை விட்ட பம்பரம் மாதிரி திரும்புமாம். அதனால் மைதானத்தில் அவனுக்குப் பம்பரம் என்றே பெயர். இருபது வயதில் மாநில அணியில் சேர்ந்தான். ஆட்டத்துக்காகவே ஓர் அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. செய்தித்தாளில் படம் வந்த அன்று மாமியார் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். வந்ததும், "ஊரு பந்தையெல்லாம் திருப்புறான். கடைக்குப் போன்னா மட்டும் வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டேங்கிறான்," என்று சலித்துக்கொண்டார். குரலில் பெருமை வழிந்தது.

கூட்டமும் அப்போதுதான் சேர்ந்தது. மேனேஜர் என்று ஒருவர் வருவார். எந்த ஆபீசிலும் அவர் மேனேஜர் இல்லை. ஒரு கார் இருந்தது, பேச்சு இருந்தது. ஜெயித்தால் கொண்டாட்டம், தோற்றால் ஆறுதல், இரண்டுக்கும் ஒரே புட்டி. அணி கிளம்பும் பேருந்தைத் தம்பி தவற விட்டான். விருந்தில் சக ஆட்டக்காரரை அறைந்தான். காலை ஆட்டத்துக்கு வாயில் வாடையோடு போய் நின்றான். இதற்கு நடுவில் ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண், எனக்கு அக்கா அக்கா என்று உயிர். ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தை அப்பாவின் குரல் உயர்ந்தாலே தையல் மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளப் பழகியபோது, தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள். அந்த வருஷமே அணியிலிருந்தும் தம்பியை விலக்கி வைத்தார்கள்.

அவனுக்கு முப்பது நெருங்கும்போது ஒரு நாள் மாநில அணியின் கோச் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். வெளிநாடு போகும் தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், இடது கைச் சுழல் போட ஆள் இல்லை, இவன் பெயர் அடிபடுகிறது என்றார்.

"இவன் கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததே இல்ல. அந்தக் கையோட சேர்ந்து வர்ற ஆளைத்தான் என்னால தாங்க முடியல," என்றார் என் வீட்டுக்காரரைப் பார்த்து. "நான் டீமோட வெளியூர் போறேன். திரும்பி வர்ற வரைக்கும் தினம் காலையில மைதானத்துக்குப் போய் இவன் தனியா போட்டுப் பழகணும். குடிக்கக் கூடாது. வந்து பார்ப்பேன். சரியா இருந்தா பேரை அனுப்புறேன். இல்லன்னா இத்தோட தலைமுழுகிடுவேன். இதுதான் கடைசி."

"நான் பொறுப்பு சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்ட விதம் ஒன்றுதான். மாலையில் அச்சகத்திலிருந்து மேலே வந்ததும் நேரே குளியலறைக்குப் போய் அழுக்கு வாளிக்குள் எட்டிப் பார்ப்பார். பந்து போடுபவர்கள் பந்தைப் பளபளப்பாக்கக் கால்சட்டையில் தேய்ப்பார்கள். பந்தின் சிவப்புச் சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். கால்சட்டையில் சிவப்பு இருந்தால் தம்பி மைதானத்துக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

"சிவப்பு இருக்கு," என்பார் வெளியே வந்து.

"இருக்கும்டா. எம் புள்ள திருந்திட்டான்," என்பார் மாமியார்.

முதல் வாரம் போயிற்று. ஒரு நாள் நான் துவைக்க உட்கார்ந்து கால்சட்டையை விரித்தேன். சிவப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் வலது காலில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் வலது தொடையில் பந்தைத் தேய்த்து நான் கண்டதில்லை. எப்போதும் இடது பைக்குக் கீழேதான், மேலே அழுத்தமாகத் தொடங்கிக் கீழே போகப் போக மங்கும். இடுப்புப் பட்டையை முகர்ந்து பார்த்தேன். வியர்வை வாடை இல்லை, சோப்பு வாசனைதான் வந்தது. நிமிர்ந்தேன். எதிரே குளியலறைக் கதவில் கொக்கி. கால்சட்டையை அதில் மாட்டிவிட்டு எதிரே நின்று தேய்த்திருக்கிறான். எதிரே நிற்பவனுக்கு இடது வலதாகிவிடும் என்பதை மறந்துவிட்டான்.

மதியம் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அந்தத் துவைக்காத கால்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"தம்பி, நேத்து மைதானத்துக்குப் போனியாப்பா?"

"போனேனே அண்ணி. ஏன்?"

பந்து நின்றது. நான் துணியை எடுத்து அவன் எதிரே நாற்காலியில் விரித்தேன். அவன் அதைப் பார்த்தான். குனிந்து தன் தொடைகளைப் பார்த்தான். மறுபடி துணியைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணி, நீங்க தப்பித் தவறி எங்க வீட்டுக்கு வந்துட்டீங்க. போலீஸ்ல இருக்க வேண்டிய ஆளு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"அங்க போனா தனியா இருக்கணும் அண்ணி. ஒரு ஸ்டம்ப்பு, ஒரு பந்து, நான். போடுறது ஒரு நிமிஷம். போட்ட பந்தை எடுக்க நானே நடக்கணும் பாருங்க, அந்த நடைதான் முடியல. ஒவ்வொரு அடிக்கும் ஒருத்தர் முகம் வருது. நேரே மேனேஜர் வீட்டுக்குப் போயிடறேன்."

"நான் வந்து எடுத்துப் போடறேன்," என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் போனோம். ஸ்டம்ப்புக்குப் பின்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள் எங்களையே பார்த்தார்கள். ஒருவர் நின்று, "விக்கெட் கீப்பர் புதுசா?" என்று கேட்டார். "ஆமா சார், எங்க டீம்லயே கண்டிப்பான ஆளு," என்றான் தம்பி. எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் என்று இருந்தது. ஆனால் முதல் பந்து வந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. இத்தனை வருஷம் அவன் கால்சட்டையைத்தான் பார்த்திருக்கிறேன், பந்து போட்டு நேரில் பார்த்ததில்லை. நேரே என்னைப் பார்த்து வந்த பந்து தரையைத் தொட்டதும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல வேறு பக்கம் திரும்பிப் போனது. கையை நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கடைசிவரை பாதிப் பந்துகளை நான் ஓடித்தான் எடுத்தேன்.

கோச் திரும்பும்வரை ஒரு நாள்கூட நாங்கள் தவறவில்லை. சிவப்பு இடது காலுக்கே திரும்பியது. கோச் வந்து ஒரு நாள் காலை முழுக்கப் பந்து போடச் சொல்லிப் பார்த்தார். கிளம்பும்போது, "பேரை அனுப்பிட்டேன். பட்டியல் திங்கட்கிழமை வரும். அதுவரைக்கும் ஆளைப் பத்திரமா வெச்சுக்குங்க," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் கார் ஹாரன் அடித்தது. மேனேஜர் படியேறாமல் கீழே நின்றே கத்தினார்.

"பம்பரம்! பேர் இருக்குடா! தேர்வுக் கமிட்டிக்குள்ள இருக்கிற ஆளே சொல்லிட்டான்!"

அச்சகத்தில் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். மாமியார் அழுதார். தம்பி சட்டையை மாற்றிக்கொண்டு என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான். இடது கையில் பந்து.

"அண்ணி, என் பொண்டாட்டிகிட்ட நானே நேர்ல சொல்லணும். மேனேஜர் கார்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"அவரோட வேண்டாம்ப்பா. பஸ்ல போ."

"குடிக்க மாட்டேன் அண்ணி."

நான் பந்தைப் பார்த்தேன். அது நிற்காமல் சுற்றியது. அதனால் சரி என்று தலையை ஆட்டினேன். அவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அது நிஜம்தான். அதற்குப் பிறகு வரும் நேரத்தைப் பந்து எப்படிச் சொல்லும்?

பொழுது சாயும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. தம்பி மனைவி நர்ஸ் உடையோடு இறங்கினாள். பின்னால் அவன் தள்ளாடி இறங்கினான். இடது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கட்டுப் போட்டிருந்தது. மாடிக்கு வந்ததும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடை அடிச்சுதுக்கா. பாப்பா ஓடிப் போய் கட்டிலுக்கு அடியில பூந்துட்டா. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, கதவை ஓங்கிச் சாத்தினேன். இவரு கை கதவு நிலையில இருந்ததை நான் பாக்கலக்கா. சத்தியமா பாக்கல."

"எந்த விரல்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அவள் தன் இடது ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். "மூட்டு நொறுங்கிடுச்சு. நானே கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்து, நானேதான் கட்டு போட்டேன்."

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாயிடுச்சே," என்று மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. குழந்தை பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று அதே ஆட்டோவில் திரும்பிப் போனாள்.

என் வீட்டுக்காரர் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "கேட்ச் பிடிக்கும்போது பட்டுதுன்னு சொல்லிடலாம். பயிற்சியில அடிபட்டா இடத்தைக் காப்பாத்தி வெப்பாங்க. ஆறினதும் சேத்துக்குவாங்க. யாரும் வாயத் திறக்கக் கூடாது," என்று எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். என்னைப் பார்த்தபோது, "உனக்குச் சொல்ல வேண்டியதில்ல," என்றார்.

மறுநாள் காலை கோச் வந்தார். கட்டைப் பார்த்தார்.

"கேட்ச் சார்," என்றார் என் வீட்டுக்காரர். "நேத்துக் காலையில. ஒரு கேட்ச் வேகமா வந்துடுச்சு."

கோச் அவரை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "நீ சொல்லுடா."

நான் பழக்கத்தில் மேஜைக்கு அடியில் பார்த்தேன். அங்கே கை இல்லை. அது மேஜைமேல் வெள்ளை மூட்டையாகக் கிடந்தது.

"கதவு சார்," என்றான் தம்பி. "குடிச்சிட்டுப் போய் என் பொண்டாட்டி வீட்டு வாசல்ல நின்னேன். அவ கதவைச் சாத்தினா. அவ மேல தப்பு இல்ல."

என் வீட்டுக்காரர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கோச் நான் கொண்டுவந்த டீயை வாங்கிக் குடிக்காமலே மேஜையில் வைத்தார்.

"பேர் இருந்ததுடா. நிஜமாவே இருந்தது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

திங்கட்கிழமை வந்த பட்டியலில் அந்த இடத்தில் வேறு ஒரு பையன் பெயர் இருந்தது.

கட்டு அவிழ்க்கும் முன் ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "இனிமே குடியைத் தொட மாட்டேன் அண்ணி," என்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு முகம் பார்த்துப் பழக்கமில்லை. அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சரிப்பா," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்தேன்.

இது நடந்து நாலு வருஷமாகிறது. இடது ஆள்காட்டி விரல் இப்போதும் மடங்குவதில்லை. அவன் காலையில் அலுவலகம் போகிறான், மாலையில் வருகிறான். மேனேஜர் கார் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. தம்பி மனைவி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறாள். மகள் இப்போது தையல் மெஷினுக்கு அடியில் ஒளிவதில்லை. அதற்குள் நுழைய முடியாத அளவுக்கு உயரமாகிவிட்டாள். தம்பி குடிப்பதில்லை என்கிறான். சாப்பிடும்போது அவன் இடது கை பந்து இல்லாமல் மேஜைமேல் சும்மா இருக்கிறது.