சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்

மேபல் ஆன்ட்டி போய்விட்டார் என்று அவருடைய மகள் பிரிசில்லா போனில் கூப்பிட்டுச் சொன்னபோது, நான் அலுவலகம் போகும் வழியில் ஈஜிபுரா சிக்னலில் நின்றிருந்தேன். "தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா. பக்கத்துல நான்தான் இருந்தேன்" என்றாள். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. ஆன்ட்டியாக இருந்தால் இத்தனை பேரையும் ஒரே அதட்டலில் அடக்கியிருப்பார்.

ஆன்ட்டி குடியிருந்த ரிச்சர்ட்ஸ் டவுனில் அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் எங்கள் 'ஈர விறகு' இசைக்குழுவின் ஆரம்ப காலப் பதிவுகள் அண்மையில் ஒரே தொகுப்பாக வந்த பிறகு, மூன்றாவது பாட்டின் முடிவில் கத்துகிற பெண் யார் என்று பலர் கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கல்லூரி நாட்களில் நாங்கள் மூன்று பேர் பங்க் ராக் வாசித்தோம். கிதாரும் பாட்டும் டேனியல், பேஸ் ஷஃபி, டிரம்ஸ் நான். ஒன்றரை நிமிடப் பாட்டு, அதில் அடங்காத கோபம். டேனியல் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு டேப்ரெக்கார்டரை ஓடவிட்டுப் பதிவு செய்வோம். ஷெட்டை ஒட்டியே பக்கத்து வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டியின் படுக்கையறை. அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இரவு டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குபவர். டேனியலுக்கு இது தெரியும். எங்களிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாட்டு முடிந்த அதே நொடியில் ஜன்னல் வழியாக வந்தது அந்தக் குரல்: "டேய் டேனியேலு! ஏசுவே வந்தாலும் இந்தச் சத்தத்துக்கு வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுவாருடா! நிறுத்துங்கடா!"

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை முறை முயன்றும் அந்தப் பாட்டு பிறகு அவ்வளவு நன்றாக அமையவில்லை. ஆகவே அந்தப் பதிவையே வைத்துக்கொண்டோம், திட்டோடு சேர்த்து.

அடுத்த வாரம் அவர் நேரிலேயே வந்தார். நைட்டி மேல் ஒரு துண்டு, கலைந்த தலை. "யாரு அந்த டப்பாவத் தட்றது?" நான் கையைத் தூக்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? நான் ஏதோ தடியன்னு நெனச்சேன்." பிறகு டேனியல் பக்கம் திரும்பி, "கத்துங்க, வேணாங்கல. ஆனா கோவத்துக்கும் ஒரு நேரம் வச்சுக்கங்க. நாலு மணிக்கு மேல" என்றார்.

அன்றிலிருந்து அவர் எழுந்ததும் சுவரில் மூன்று தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் நாங்கள் தொடங்குவோம். தட்டிய பிறகும் நாங்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால், "என்ன, இன்னைக்கு லீவா?" என்று ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்கும்.

தொகுப்பு வேலை தொடங்கியபோது, அந்தக் கத்தலைத் தடம் தெரியாமல் நீக்கிவிடலாம் என்றார் ஒலிப்பதிவாளர். "நீக்கிடலாம். இப்பவாச்சும் நம்ம பாட்டு ஒழுங்கா வரட்டும்" என்றான் டேனியல். ஷஃபி, "உசே நிகாலேங்கே தோ... அத எடுத்துட்டா பாட்டே இல்லப்பா" என்று இந்தியும் தமிழும் கலந்த அவன் பாணியில் சிரித்தான். அவரையே கேட்டுவிடலாம் என்றேன் நான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடினம் என்று உறைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஆன்ட்டிக்குத் தொண்டையில் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்களால் குரலைக் காப்பாற்ற முடியவில்லை.

பிரிசில்லா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "அவங்க குரல் எங்ககிட்டயே தனியா இல்லக்கா. கோயில் கொயர்ல எல்லாரோடயும் சேந்து பாடுனதுதான் இருக்கு. இப்பப் போய்க் கேக்க வச்சு, அவங்க ஒடைஞ்சிட்டா?" திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து கைதட்டும் ஓசை வந்தது. ஆன்ட்டி கூப்பிடுகிறார்.

விஷயத்தைச் சொல்லி ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாட்டு ஓடும்போது முகத்தைச் சுளித்தார். பாட்டு முடிந்து தன் குரல் வந்ததும் முகம் அசையவே இல்லை. இன்னொரு முறை என்று விரலால் காட்டினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மகளிடம் நீட்டினார். கேட்ட பிரிசில்லா சுவரோடு சாய்ந்து நின்றாள். "ஸ்கூலுக்கு லேட்டானா இப்படித்தான் கத்துவாங்க" என்றாள்.

ஆன்ட்டி மடியிலிருந்த சின்னப் பலகையை எடுத்து எழுதினார்: 'என் சத்தம் பத்தல. கூட்டு.'

பிறகு நாற்காலிக் கையில் மூன்று தட்டு தட்டினார்.

அப்படியே கூட்டினோம். இப்போது அந்தத் தொகுப்பில் எங்கள் கிதாரைவிட ஓங்கிக் கேட்பது அவர் குரல்தான். அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, வந்திருந்த உறவினர்களுக்குப் பிரிசில்லா அதை மட்டும் போட்டுக் காட்டினாள். துக்க வீடு சிரித்தது. அவளும்தான்.

எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு கேள்வி. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் டிரம்ஸை இறக்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்க எப்பங்க தூங்குவீங்க?" என்று கேட்கிறேன். இந்த ஊரில் யாரோ ஒருவர் எப்போதும் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்.

'நிறுத்துங்கடா'வுக்குப் பிறகு அந்தப் பதிவில் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்ற நேரம் அது. அதையும் நாங்கள் வெட்டவில்லை.