காலி பெஞ்சுக்குப் பாடம்

எம்.எட். படிப்பில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது மாதிரி வகுப்பு. ஒருவர் ஆசிரியராக நிற்க, மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்து பெஞ்சில் உட்கார வேண்டும். பேராசிரியர் கடைசி வரிசையில் இருந்து மதிப்பெண் போடுவார். அத்தனை பேரும் ஏற்கெனவே பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தவர்கள். பி.எட்.டில் இதே கூத்தை ஆடி முடித்தவர்கள். நான் மதுரையில் கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு இதற்காகக் கொல்கத்தாவுக்கு வந்திருந்தேன்.

வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாடம் ஆங்கிலத்தில் தொடங்கி, சற்று நேரத்தில் வங்காளத்துக்குப் போய்விடும். பேராசிரியர் ஏதோ சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைய தலைப்பு, எல்லோரையும் அரவணைக்கும் வகுப்பறை என்பதாகக்கூட இருக்கும். யாரும் என்னிடம் மோசமாக நடந்துகொள்ளவில்லை. எதிரில் வந்தால் அக்கா முறை வைத்து, "தீதி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். பதிலுக்கு நிற்க மாட்டார்கள்.

துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரிலிருந்து வரும் ஒருவர் அன்று அறிவியல் பாடம் நடத்தினார். கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு ஆணியைப் போட்டார், மூழ்கியது. மரத்துண்டைப் போட்டார், மிதந்தது. கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும் என்று எழுதிப்போட்டார். கேள்வி கேட்டார். கைகள் அழகாக உயர்ந்தன, எல்லாப் பதிலும் சரி. எந்த ஆறாம் வகுப்பும் அப்படி இருக்காது. நான் கையைத் தூக்கினேன்.

"சார், கப்பல் இரும்புதானே? அது ஏன் முங்கல?"

"அது அடுத்த பாடம்."

"உங்க வீட்டுப் பக்கம் துறைமுகத்துல தினமும் நிக்குதே சார். ஆணியை விடக் கப்பல் லேசா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் தம்ளரையே பார்த்தார். பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் கிடர்பூர்க்காரர் என்னை நிறுத்தினார். ஆங்கிலமும் இந்தியுமாகக் கொட்டினார். "தீதி, நீங்க யார் பக்கம்?"

"நான் ஆறாங்கிளாஸ் பிள்ளை. அப்படித்தானே உக்காரச் சொன்னாங்க?"

அடுத்த வாரம் என் முறை. பின்னப் பாடத்துக்கு வட்டம் வட்டமாக அட்டை வெட்டி எடுத்துப் போனேன். பெஞ்சுகள் காலி. வாட்ஸ்அப் குழுவில் முந்தைய நாளே எழுதியிருந்தேன். ஒருவர் மட்டும் கட்டைவிரல் போட்டிருந்தார். அவரும் வரவில்லை. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளைங்க இல்லாம வகுப்பா? திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு தரேன். அன்னைக்கும் இப்படின்னா செய்முறை மதிப்பெண் கிடையாது. அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் வரை உட்கார்ந்திருக்க எனக்கு வழியில்லை.

நான் தங்கியிருந்தது பவானிபூரில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில். வீட்டுக்கார மாமி பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தத் தெருவில்தான். நடந்ததைச் சொன்னேன்.

"ஏண்டி, நாளைக்கு என்ன கேக்கப்போறேன், யார் என்ன பதில் சொல்லணும்னு எல்லாரும் முன்னாடியே பேசி வெச்சுப்பாளே! டீக்கடையில உக்காந்து அட்டா, அதான் அரட்டை, அடிக்காம இந்த ஊர்ல எந்தக் காரியம் நடந்திருக்கு? நீ போறதே இல்லையா?"

"யாரும் கூப்பிடல மாமி."

"கல்யாணமா என்ன, பத்திரிகை வெச்சு அழைக்க? பேசாம நானே வந்து பெஞ்சுல உக்காந்துக்கறேன். ஆறாங்கிளாஸ்ல கணக்குல ஃபெயிலானவதான், நன்னாப் பொருந்தும்."

மறுநாள் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ மண் குவளையில் டீ கொடுத்தார். பிறகு அவர்கள் பேச்சு வங்காளத்தில் தொடர்ந்தது. கிடர்பூர்க்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. வாருங்கள் என்று கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நான் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். குவளையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வேறு யாரும் இல்லை. அட்டைகளை மறுபடி பைக்குள் வைக்கப்போனேன். அப்போது கிடர்பூர்க்காரர் உள்ளே வந்தார். முதல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். கணக்குத் தீர்க்க வந்திருக்கிறார் என்று முகமே சொன்னது.

நான் தொடங்கினேன். ஆறு ரொட்டி, ஆளுக்கு அரை ரொட்டி. ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு.

கை உயர்ந்தது. "மிஸ், வகுத்தா குறையணும். இது எப்படிக் கூடுச்சு?"

அட்டைகளைப் பாதியாகக் கிழித்துக் காட்டினேன்.

"பன்னிரண்டு என்ன மிஸ்? ரொட்டியா, ஆளா?"

"ஆள்."

"ரொட்டியை வகுத்தா ஆள் எப்படி வரும்?"

ஆறு வருடமாக நடத்திய பாடம். எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. சாக்கட்டியை வைத்துவிட்டு யோசித்தேன். அவர் காத்திருந்தார்.

"ஆறு ரொட்டிக்குள்ள எத்தனை அரை இருக்குன்னுதான் கேக்கறோம். பன்னிரண்டு அரை. ஒவ்வொரு அரைக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்."

"அப்ப ஆளுங்களே இல்லாட்டியும் பன்னிரண்டுதானா?"

"ஆமா. யாருமே வராட்டியும் பன்னிரண்டுதான்."

அவர் விடவில்லை. அரையை ஆறால் வகுத்தால் என்ன என்றார். ரொட்டிக்குப் பதில் தண்ணீர் என்றால் என்ன என்றார். ஒவ்வொன்றும் என்னைக் கவிழ்க்கக் கேட்ட கேள்வி. ஆனால் மணி அடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகு ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அன்றுதான்.

மணி அடித்தது. "பிள்ளைங்க நல்லாக் கலந்துக்கிட்டாங்க," என்று எழுதிக்கொண்டே சொன்னார் பேராசிரியர். மதிப்பெண் கிடைத்துவிட்டது.

கிடர்பூர்க்காரர் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். "கப்பல் ஏன் மிதக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனார். நகர்ந்து இடம் விட்டார்கள். கிழித்த அட்டைகளைப் பொறுக்கிவிட்டுப் பலகையை அழித்தேன்.

மறுநாள் கல்லூரி மாடிப்படியில் கிடர்பூர்க்காரர் எதிரே வந்தார். "தீதி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு படி கீழே போய்விட்டார்.