அப்பா கேட்ட புகைபோக்கி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், கொட்டகலைச் சரிவிலுள்ள எங்கள் வீட்டைப் பார்த்து, "என்னங்க, லயம் மாதிரி நீளமா கட்டியிருக்கீங்க?" என்று அவரிடம் கேட்டவர்கள்தான். அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றே: "எந்த லயத்துலய்யா பின்கதவு பாத்த?" அந்த வீடு வந்த கதையை எழுதினாலே அவரைப் பற்றி எழுதியதாகும்.

அப்பா ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக அடைந்து வாழும் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. கங்காணியாக, கொழுந்தெடுப்பவர்களுக்குப் பின்னால் நடந்து, அவர்கள் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. பிறகு ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகு ஏற்றும் லொறி வாங்கினார். அப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. யாரையும் எளிதில் நம்பமாட்டார். ஆனால் என்னை ஹட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்தறிந்தவள் நான் என்பதைப் பெருமையோடு இங்கே எழுதுகிறேன்.

பிரஜாவுரிமை தராமல், எந்நேரமும் இந்தியாவுக்கு அனுப்பிவிடக்கூடிய நாட்டில் வீடு எதற்கு என்று உறவினர்கள் கேட்ட காலம் அது. "அனுப்புறப்ப அனுப்பட்டும். அதுவரைக்கும் மழையிலயா நிக்கச் சொல்ற?" என்றார் அப்பா.

ஸ்டோர் ஒன்றில் புதுக்கட்டடம் கட்ட வந்திருந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞரிடம் அவர் கேட்டது இரண்டுதான். தோட்டத்துத் துரையின் பங்களா போல ஒரு வீடு. அதில் ஒரு புகைபோக்கி. மலையை வெட்டக் கூடாது, அது வளைகிற பக்கமே வீடும் வளைய வேண்டும் என்பது கலைஞரின் கனவு. அவர் வரைந்து வந்ததில் வரிசையாக அறைகள், ஒரே நீள வராந்தா, ஒரே தகரக் கூரை. புகைபோக்கி இல்லை.

அப்பா அந்தப் பிளானை என் முன் விரித்தார்.

"இதுல லயம்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"இல்லப்பா."

"இங்கிலீசுல?"

"அதுலயும் இல்ல."

"நீ ஒழுங்காத்தான் படிச்சியா?"

மறுநாள் வீடு கட்டவிருந்த நிலத்தில் வைத்தே கலைஞரிடம் கேட்டுவிட்டார். "ஐயா, இது லயந்தானுங்களே?"

"லயமோ? ஆர் சொன்னது? கட்டி முடிய இருந்து பாருங்கோ, கங்காணியார்."

"புகைபோக்கி எங்கங்க?"

"துரைமார் குளிர் காயிறதுக்கு வைச்சது அது. பங்களாவைப் பார்த்து உங்களுக்கும் ஆசை வந்திட்டுது."

அப்பாவின் முகம் கறுத்தது. வீட்டுக்கு வந்து, "நாம லயத்தாளுங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அதையே வரையுறாரு" என்று அம்மாவிடம் குமுறினார். அன்று முதல் கலைஞர் நிலத்தில் எங்கே போனாலும் அப்பா பின்னாலேயே போனார்.

"ஏன் கங்காணியார் எனக்குப் பின்னாலயே திரியிறியள்?"

"முன்னால போனா ஒண்ணும் தெரியாதுங்க."

அத்திவாரத்தோடு வேலை நின்றது. புகைபோக்கி இல்லாமல் முடியாது என்றார் அப்பா, அதை வைக்க முடியாது என்றார் கலைஞர். வேறு ஆள் பார்க்கலாம் என்று அம்மா சொல்லத் தொடங்கிவிட்டார்.

என் பள்ளி விடுமுறையில், கூரைக்கு மரம் பார்க்க அப்பாவும் கலைஞரும் லொறியில் ராகலைக்குப் போனார்கள். நானும் போனேன். அடைமழை பிடித்துக்கொண்டதால் சித்தப்பாவின் காம்பராவில் ஒதுங்கினோம். அப்பா பிறந்ததும் அதே காம்பராவில்தான். சித்தி ஈர விறகை ஊதித் தேநீர் வைத்தார். புகை நிறைந்தது. கலைஞர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"பின்பக்கம் ஒரு ஜன்னலும் இல்லையோ?"

சித்தப்பா சிரித்தார். "பின்னால அடுத்த குடும்பம் இருக்குங்க. அவங்க புகையும் நமக்குத்தான்."

அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஆத்தா இங்கதாங்க கெடந்து இருமுச்சு. இருமியே போயிருச்சு."

கலைஞர் அடுத்து வரைந்து வந்த பிளானில் சமையலறைக்கு மேல் புகைபோக்கி இருந்தது. ஒவ்வோர் அறைக்கும் பின்னால், மலைப்பக்கம், கதவும் ஜன்னலும் இருந்தன. நீளத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவும் சந்தேகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சுவர் எழும்பும்வரை பின்னாலேயே நடந்தார்.

பால் காய்ச்சிய அன்று அப்பா தம் கிடங்கிலிருந்து ஈர விறகாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா ஈர வெறகா?" என்று அம்மா சத்தம் போட்டார்.

"எரி, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அப்பா முற்றத்தில் போய் நின்றார். புகை நேரே மேலே போனது.

"இப்பவாவது நம்புறியளோ?" என்றார் கலைஞர்.

"பெருமழை வரட்டும், பாப்போம்."

அதன் பின் எத்தனையோ மழை வந்தது. ஒவ்வொரு மழைக்கும் அப்பா முற்றத்தில் நின்று புகையைப் பார்ப்பார். கடைசி மாதங்களில் எழ முடியாதபோது, பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, கட்டிலில் கிடந்தபடியே, "புகை மேல போகுதா?" என்று என்னிடம் கேட்பார். போகிறது என்பேன். நம்பாமல் அம்மாவிடமும் கேட்பார்.

அவர் இறந்த அன்று வழக்கப்படி எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கொழும்பு ரயிலில் வந்திறங்கிய கலைஞர், சரிவின் அடியில் நின்று புகையில்லாத புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கங்காணியார் சொன்ன பெருமழை வந்ததோ, பிள்ளை?"

"வந்துச்சுங்க. அடுத்தது வரட்டும்னு சொல்லிட்டாங்க."

அவர் சிரிக்க முயன்று, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நோயில் பார்த்துக்கொண்ட வைத்தியருக்கும், அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து நின்ற முஸ்லிம் அண்ணன்மாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அன்று ராகலையிலிருந்து சித்தியும் லயத்து உறவினரும் தங்கள் அடுப்புகளில் சோறாக்கி, மழையில் சுமந்து வந்து எங்களுக்குப் பரிமாறினார்கள். அந்தச் சோற்றில் புகை வாசம் இருந்தது. அவர்களுடைய காம்பராக்களுக்கு இன்னும் பின்கதவு வரவில்லை. எங்கள் நன்றியில் முதல் நன்றி அவர்களுக்கே.